அம்மோனியா ஸ்லிப்: புகைக்குழாய்க்குள் ஒளியை விட்டு அளப்பது

நிலக்கரி அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைத் திரையில் "அம்மோனியா ஸ்லிப் 2.1 பிபிஎம்" என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். புகையில் வினைபுரியாமல் தப்பிவரும் அம்மோனியா, பத்து லட்சம் மூலக்கூறுகளில் இரண்டு. அந்த எண் பிறக்கும் இடத்தில் வெப்பம் 350 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு கன மீட்டர் புகையிலும் பத்துக்கணக்கான கிராம் சாம்பல். கூடவே கந்தக ஆக்சைடுகள், நீராவி, ஓயாத அதிர்வு. அங்கே இரண்டு பிபிஎம்மை எப்படி அளக்கிறார்கள், அந்த எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. வினைபுரியும் வாயுவை அளக்கும்போது அதைக் கருவிக்குக் கொண்டுவருவதைவிட, ஒளியை அதனிடம் கொண்டுபோவதே சரி. ஆனால் அப்படிச் செய்ததும் பாதி வேலை வேதியியலிலிருந்து கண்ணாடிக்கும் காற்றுக்கும் இரும்புக்கும் இடம் மாறிவிடுகிறது. கருவி விற்பவர்கள் முதல் பாதியை விரிவாகச் சொல்வார்கள். இரண்டாம் பாதி பராமரிப்பு ஆட்களின் தலையில் விழும்.

அம்மோனியா அங்கே எதற்கு வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். கொதிகலன் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க எஸ்சிஆர் என்ற முறை உண்டு. வனேடியம், டைட்டானியம் ஆக்சைடுகளால் ஆன வினையூக்கி அடுக்குகளுக்கு முன்னால் அம்மோனியாவைத் தெளிப்பார்கள். 300 முதல் 400 டிகிரி வெப்பத்தில், வினையூக்கியின் பரப்பில், நாலு மூலக்கூறு நைட்ரிக் ஆக்சைடும் நாலு மூலக்கூறு அம்மோனியாவும் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பிரியும். கலவை ஓரிடத்தில் தூக்கலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருந்தால், அல்லது வினையூக்கி வயதாகிச் சோர்ந்துபோனால், வினைபுரியாத அம்மோனியா மறுபக்கம் தப்பி வரும். அதுதான் ஸ்லிப். பொதுவாக 2 முதல் 5 பிபிஎம்முக்குள் வைத்திருக்கச் சொல்வார்கள்.

வெறும் இரண்டு மூன்று பிபிஎம்முக்கு ஏன் இவ்வளவு கவலை? கொதிகலனுக்குப் போகும் காற்றைப் புகையின் சூட்டால் சூடாக்க அடுத்து நிற்கும் ஏர் ப்ரீஹீட்டர்தான் காரணம். வினையூக்கி நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் தொடுவதில்லை, கந்தக டைஆக்சைடில் ஒரு சிறு பங்கைக் கந்தக ட்ரைஆக்சைடாகவும் மாற்றிவிடும். அதுவும் தப்பிய அம்மோனியாவும் நீராவியும் சேர்ந்தால் அம்மோனியம் பைசல்பேட். இந்த உப்பின் உருகுநிலை 147 டிகிரி. ப்ரீஹீட்டருக்குள் புகை 350 டிகிரியில் நுழைந்து 130, 140 டிகிரியில் வெளியேறுகிறது. ஆக, நடுவில் எங்கோ ஓரிடத்தில் இந்த உப்பு திரவமாகப் படிந்தே தீரும். திரவமாக இருப்பதுதான் சிக்கல். அது பசைபோல் சாம்பலைப் பிடித்துக்கொள்ளும், நெளிதகடுகளுக்கு இடையேயான சந்துகள் அடைபடும், புகையை இழுக்கும் விசிறி கூடுதலாகத் திணறும். சூட் ப்ளோயர் ஊதினால் ஓரளவு கழலும். மீதியைத் தண்ணீர்விட்டுக் கழுவத்தான் வேண்டும், அதற்கு மின் உற்பத்தி அலகையே நிறுத்த வேண்டும். கொதிகலன் குறைந்த சுமையில் ஓடும்போது இதே உப்பு வினையூக்கியின் நுண்துளைகளுக்குள்ளேயே படியும். 300 டிகிரிக்குக் கீழே அம்மோனியா தெளிப்பதை நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

இப்போது மாதிரி எடுக்கும் பழைய வழியைப் பார்ப்போம். புகையில் ஒரு குழாயைச் செருகி, சூடாக்கிய மாதிரிக் குழாய் வழியாக இழுத்து, கருவியறையில் வைத்து அளப்பது. கார்பன் மோனாக்சைடுக்கும் ஆக்சிஜனுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. அம்மோனியாவிடம் பலிப்பதில்லை. ஈரத்தைப் பிரிக்கக் கூலர் வைத்தால் அம்மோனியா முழுக்கத் தண்ணீரில் கரைந்து வடிகாலில் போய்விடும். சரி, குளிர்விக்காமல் 180 டிகிரியில் சூடாகவே இழுப்போம் என்றால், அந்த வெப்பத்தில் கந்தக ட்ரைஆக்சைடு அம்மோனியாவைப் பிடித்து உப்பாக்கிக் குழாய்ச் சுவரிலும் வடிகட்டியிலும் ஒட்டிவிடும். எஞ்சியதும் எஃகுச் சுவரில் ஒட்டி ஒட்டி மெதுவாகத்தான் நகரும். உண்மையான ஸ்லிப் 5 பிபிஎம்முக்கு ஏறும்போது கருவி 2 என்று காட்டும். பிறகு உண்மை அளவு இறங்கியபின், சுவரில் ஒட்டியது விடுபட்டு வந்து கருவி 4 என்று காட்டும். குழாய் நீளம், பழைய படிவு, முந்தைய நாளின் சுமை என எல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கும். இதை அளவீடு என்று ஏற்க எனக்கு மனம் வராது. மாதிரி எடுத்தே ஆகவேண்டும் என்றால் முனையிலிருந்து அளக்கும் அறைவரை எல்லாப் பகுதியும் 300 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஒரே ஒரு இணைப்பு நட்டு குளிர்ந்திருந்தாலும் உப்பு அங்கே உட்கார்ந்துவிடும்.

ஆகவே லேசர். ஒவ்வொரு வாயு மூலக்கூறும் சில குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உறிஞ்சும். அம்மோனியாவுக்கு 1512 நானோமீட்டர் அருகே ஒரு தொகுதி உறிஞ்சல் கோடுகள் உள்ளன. தொலைத்தொடர்பு இழைகளுக்காக வளர்ந்த அலைநீளப் பகுதிக்குப் பக்கத்திலேயே இது இருப்பது பெரிய வசதி. அந்தத் துறைக்காகத் தயாரான ஒரே அலைநீளத்தில் ஒளிரும் டிஎஃப்பி லேசர் டையோடும், ஒளியை உணரும் இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டரும் அறை வெப்பத்திலேயே வேலை செய்யும், ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதற்கு முந்தைய தலைமுறையின் ஈய உப்பு லேசர்களைக் கடுங்குளிரில் வைத்தால்தான் ஓடும். அவற்றை ஆய்வகத்தைவிட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. 1994இல் பெல் ஆய்வகத்தில் ஜெரோம் ஃபைஸ்ட், ஃபெடரிக்கோ கபாசோ குழுவினர் செய்துகாட்டிய குவான்டம் கேஸ்கேட் லேசர், நடு அகச்சிவப்புப் பகுதியையும் திறந்துவிட்டது. அம்மோனியாவின் வலுவான கோடுகள் இருக்கும் 9, 10 மைக்ரோமீட்டர் பகுதி அது. அங்கே உறிஞ்சல் பலமடங்கு அதிகம். ஆனால் லேசர், டிடெக்டர், ஒளி கடக்கும் ஜன்னல் என எல்லாமே விலையேறும். குறுகிய ஒளிப்பாதை மட்டுமே கிடைக்கும் இடத்தில் அந்தச் செலவு நியாயம். அகலமான புகைக்குழாயில் 1512 நானோமீட்டரே போதும் என்பது என் கருத்து.

எவ்வளவு சிறிய மாற்றத்தைத் தேடுகிறோம் என்று கணக்குப் போட்டால்தான் மற்றதெல்லாம் புரியும். 350 டிகிரியில், வளிமண்டல அழுத்தத்தில், 1 பிபிஎம் அம்மோனியா 5 மீட்டர் பாதையில் கோட்டின் உச்சியில் உறிஞ்சும் ஒளி, லட்சத்தில் இரண்டு பங்கு அளவில்தான் இருக்கும். பாதை 1 மீட்டர் என்றால் பத்து லட்சத்தில் நாலைந்து பங்கு. சாம்பலோ அதே ஒளியில் பாதிக்குமேல் விழுங்கிவிடுகிறது, அந்தப் பங்கும் நொடிக்கு நொடி மாறுகிறது. வந்த ஒளியை நேரடியாக அளந்து கழித்துப் பார்ப்பதெல்லாம் நடக்காத காரியம்.

இதற்குத் தீர்வு, அலைநீளத்தை ஆட்டுவது. டிஎஃப்பி லேசரின் வெப்பத்தை ஒரு டிகிரி மாற்றினால் அலைநீளம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் நகரும், அதாவது 12, 13 கிகாஹெர்ட்ஸ். மின்னோட்டத்தை ஒரு மில்லிஆம்பியர் மாற்றினால் ஒரு கிகாஹெர்ட்ஸ் அளவில் நகரும். வெப்பத்தால் கோட்டின் அருகே நிறுத்திவிட்டு, மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றி இறக்கிக் கோட்டைக் கடக்க வைப்பார்கள். அதன்மேல் பத்துக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் இன்னொரு சிறு ஆட்டத்தைச் சேர்ப்பார்கள். கோடு இருக்கும் இடத்தில் மட்டும், அந்த ஆட்டத்தின் இருமடங்கு அதிர்வெண்ணில் டிடெக்டரில் ஒரு குறிகை (சிக்னல்) எழும். சாம்பல் உறிஞ்சுவது இந்தச் சிறு அலைநீள வீச்சுக்குள் மாறுவதில்லை, எனவே அது இருமடங்கில் தோன்றாது. சாம்பல் துகள்கள் கடந்துபோகும் மினுமினுப்பும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் இருக்கும். இருமடங்குக் குறிகையை அடிப்படை அதிர்வெண் குறிகையால் வகுத்தால், வந்து சேர்ந்த ஒளி எவ்வளவு என்ற கேள்வியே விடையிலிருந்து கழன்றுவிடும். ஒளி பாதியானாலும் பிபிஎம் மாறாது. பாதியாவதற்கும் காணாமல் போவதற்கும் நடுவில் மட்டும் கவனம் தேவை. ஒளி குறையக் குறைய இரைச்சல் ஏறும், கடைசியில் இரைச்சலே பிபிஎம்மாகத் தெரியும்.

கருவிக்குள் அம்மோனியா அடைத்து மூடிய ஒரு சிறு செல் இருக்கும். லேசரின் ஒரு பங்கு ஒளி அதன் வழியாகப் போகும். எஸ்சிஆருக்குப் பின்னால் உள்ள அம்மோனியாவின் கோடு அநேகமாக இரைச்சலுக்குள் மூழ்கியிருப்பதால், கோடு எங்கே என்று லேசருக்குத் தினமும் காட்டிக்கொடுப்பது இந்தச் செல்தான். லேசரின் வெப்பக் கட்டுப்பாடு 0.1 டிகிரி பிசகினாலும் கோடு ஒரு கிகாஹெர்ட்ஸுக்குமேல் விலகிவிடும். ஸ்லிப் உண்மையிலேயே பூஜ்யமாக இருந்தாலும், லேசர் கோட்டைத் தவறவிட்டிருந்தாலும் திரையில் ஒரே எண்தான் வரும். எனவே குறிப்புச் செல்லின் குறிகையைத் தனி எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டு அறைக்கு இழுத்துவிடுவது அவசியம். பல இடங்களில் அந்த வயரை இணைக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இனி சாம்பல். இந்தியாவில் இது தனிச் சிக்கல். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பர் 7 அன்று அனல்மின் நிலையங்களுக்குப் புதிய வரம்புகளை அறிவித்தது. 2017 ஜனவரி 1 முதல் நிறுவப்படும் அலகுகளுக்கு நைட்ரஜன் ஆக்சைடு கன மீட்டருக்கு 100 மில்லிகிராம் என்றது. 2004 முதல் 2016 வரையிலான அலகுகளுக்கு விதித்த 300 மில்லிகிராம், 2020இல் 450 ஆகத் தளர்த்தப்பட்டது. 450ஐப் பர்னர் மாற்றத்தாலும் காற்றுப் பங்கீட்டாலும் எட்டிவிடலாம். 100ஐ எட்ட எஸ்சிஆர் போன்ற ஏதாவது வேண்டும். நம் நிலக்கரியில் சாம்பல் 35 முதல் 45 சதவீதம். வினையூக்கி பொதுவாகச் சாம்பல் பிரிப்பானுக்கு முன்னால்தான் நிற்கும், ஏனென்றால் அங்கேதான் அதற்கு வேண்டிய வெப்பம் இருக்கிறது. ஆக, மொத்தச் சாம்பலும் லேசர் பாதையைக் கடந்தே போகிறது.

சாம்பலில் ஒளி குறைவது கூட்டலாக நடப்பதில்லை, பெருக்கலாக நடக்கிறது. 1 மீட்டரில் 30 சதவீத ஒளி மிஞ்சினால், 5 மீட்டரில் 0.24 சதவீதம் மிஞ்சும். 10 மீட்டரில் 0.0006 சதவீதம். நல்ல கருவி 1 சதவீதத்துக்குக் கீழேயும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 10 மீட்டர் அகலக் குழாயைக் குறுக்கே கடப்பது, அதிகச் சாம்பல் உள்ள இடத்தில் வெறும் ஆசை.

இங்கே நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. முதலாவது, குழாயின் மூலையைக் குறுக்காகக் கடப்பது. பாதை 1 முதல் 2 மீட்டர்தான், ஒளி தாராளமாக வரும், பொருத்துவதும் எளிது. நிறைய நிறுவல்கள் இப்படித்தான். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூலையில் புகையின் வேகம் குறைவு. வினையூக்கிப் பெட்டிகளின் சீல் விட்டுப்போனால், வினைபுரியாமல் கசிந்துவரும் அம்மோனியாவும் பெரும்பாலும் சுவரோரமாகத்தான் வரும். குழாயின் நடுவில் ஸ்லிப் 1 இருக்கும்போது மூலை 6 காட்டலாம், நேர்மாறாகவும் நடக்கலாம். கருவி அளப்பது சரிதான். அது அளந்தது குழாயின் கதை ஆகாது, அவ்வளவே.

இரண்டாவது, இருபுறமும் செருகு குழாய்களை உள்ளே நீட்டி நடுவில் 1 முதல் 2 மீட்டர் மட்டும் திறந்துவிடுவது. அளக்கும் இடம் நடுவே வந்துவிடும். ஆனால் 3, 4 மீட்டர் நீட்டிய எஃகுக் குழாய் 350 டிகிரியில் தன் எடையால் தொய்யும். சாம்பல் அதன் மேல்பக்கத்தை அரித்துத் தேய்க்கும். புகை வரும் பக்கம் கோண இரும்பைக் கவசமாகப் பற்றவைக்காவிட்டால் குழாய் ஓட்டையாகும். ஓட்டை விழுந்தால், ஜன்னலில் சாம்பல் படியாமலிருக்க ஊதும் பர்ஜ் காற்று நடுவழியிலேயே வெளியேறி அளவீட்டைக் கெடுக்கும். குழாயின் உள்விட்டம் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது, தொய்வுக்கும் அசைவுக்கும் இடம் வேண்டுமல்லவா.

மூன்றாவது, ஒரே பக்கமிருந்து செருகும் ப்ரோப். முனையில் எதிரொளிக்கும் கண்ணாடி, சுற்றிலும் பீங்கான் அல்லது சின்டர் செய்த உலோக வடிகட்டி. புகை வடிகட்டி வழியே ஊறி உள்ளே வரும், சாம்பல் வெளியே நின்றுவிடும். ஒளிப்பாதை சுத்தம், லேசரையும் டிடெக்டரையும் நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் தொல்லை இல்லை, உள்ளே சரிபார்ப்பு வாயுவையும் விட்டுப் பார்க்கலாம். ஆனால் வடிகட்டி மேல் படியும் சாம்பல் அடுக்கே அம்மோனியாவைப் பிடித்துவைக்கும். மாதிரிக் குழாயில் பார்த்த அதே வியாதி, அளவில் சிறியது. பதில் வரச் சில நிமிடங்கள் ஆகும். சுமை வேகமாக மாறும் அலகுக்கு இது பொருந்தாது.

ஒளிப்பாதையைக் குறைக்கும்போது இன்னொரு பிழையும் வளர்கிறது. ஜன்னலைக் காக்க ஊதும் பர்ஜ் காற்று, கருவியைச் சுவரில் பொருத்தும் ஃப்ளாஞ்ச் குழாயை நிரப்பிப் புகைக்குள் சற்றுத் தூரம் நுழைந்துவிடும். உண்மையான அளவீட்டுப் பாதை எங்கே தொடங்குகிறது என்பதற்குக் கூர்மையான எல்லை கிடையாது. இருபுறமும் 10 சென்டிமீட்டர் நிச்சயமின்மை என்றால், 8 மீட்டர் பாதையில் அது 2.5 சதவீதம். 1 மீட்டர் பாதையிலோ 20 சதவீதம். பர்ஜ் ஓட்டத்தை ஒருமுறை சரியாக வைத்தபின் யாரும் திருகாதபடி பூட்டிவைப்பது இதற்காகத்தான். ஜன்னல் அழுக்காகிறதே என்று ஒருவர் காற்றைக் கூட்டினால், ஸ்லிப் குறைந்ததாகத் திரை சொல்லும்.

அந்தக் காற்று எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? எண்ணெய் இல்லாத, உலர்ந்த கருவிக் காற்று. பனிநிலை, அதாவது ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, மைனஸ் 40 டிகிரி என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ஒரு பக்கத்துக்கு நிமிடத்துக்கு 20 முதல் 50 லிட்டர் என்று தொடங்கி, ஜன்னல் எவ்வளவு நாள் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வார்கள். கம்ப்ரஸர் எண்ணெய் துளிகூட வந்தால் அது ஜன்னலில் மெல்லிய படலமாகி, சாம்பலைப் பிடித்து வேகும். இரண்டு ஃப்ளாஞ்சுக்கும் காற்றோட்டத்தை அளக்கத் தனித்தனி ரோட்டாமீட்டர் வையுங்கள். ஒரே அழுத்த மானியை இரண்டுக்கும் பொதுவாக வைத்தால், ஒரு பக்கம் அடைபட்டதே தெரியாது. அலகு நின்றதும் பர்ஜ் காற்றையும் மூடிவிடும் பழக்கம் ஆபத்தானது. குளிரும் குழாயில் அமில ஈரம் ஜன்னலில் படியும், காய்ந்தபின் துடைத்தாலும் கறை போகாது. அலகு நின்றாலும் காற்று ஓடட்டும்.

இனி கண்ணாடி. இந்தத் துறையில் மிக அதிகமாக ஏமாற்றும் பொருள் இதுதான். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள, இரு பக்கமும் இணையான குவார்ட்ஸ் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பரப்பும் 3.3 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். உள்ளே முன்னும் பின்னும் ஓடும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்தும் எதிர்த்தும், கடந்துபோகும் ஒளியின் அளவை அலைநீளத்தோடு அலை அலையாக ஏற்றி இறக்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 13 சதவீதம் வரை போகும். ஓர் அலையிலிருந்து அடுத்ததுக்கு 17 கிகாஹெர்ட்ஸ். நாம் தேடும் கோட்டின் அகலம் சில கிகாஹெர்ட்ஸ், நம் லேசர் ஓடிக் கடக்கும் வீச்சு 20, 30 கிகாஹெர்ட்ஸ். அதாவது கோட்டைப்போலவே தோற்றமுள்ள ஒரு வளைவு, 1 பிபிஎம்மின் குறிகையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக, அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். இதனால்தான் ஜன்னலை ஆப்புபோல ஒரு பக்கம் தடிப்பாகத் தேய்த்து, பூச்சு பூசி, சாய்த்துப் பொருத்துகிறார்கள். இவ்வளவு செய்தும் மிச்சம் ஒன்று இருக்கும்.

அந்த மிச்சம் நிலையாக நின்றால் கழித்துவிடலாம். அது நிற்காது. கண்ணாடியின் வெப்பம் மாறினால் ஒளிவிலகல் எண் மாறும். 6 மில்லிமீட்டர் குவார்ட்ஸில் 12 முதல் 14 டிகிரி மாறினால் போதும், மொத்த அலையும் ஒரு முழுச் சுற்று நகர்ந்துவிடும். காலை வெயில் ஃப்ளாஞ்சில் படுவதும் இரவில் குளிர்வதும் அந்த அளவுக்குள் வந்துவிடுகிறது. ஸ்லிப் வரைபடத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் தெரிந்தால், கொதிகலனைச் சந்தேகிக்கும் முன் அதன்மேல் வெளி வெப்பநிலையை வரைந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் அது கண்ணாடி. உடைந்த ஜன்னலுக்குப் பதிலாக உள்ளூரில் வெட்டிய சாதாரண இணைத்தட்டைப் பொருத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒளி நன்றாக வருவதால் எல்லோரும் திருப்தியடைவார்கள், அளவீடு அன்றோடு செத்துப்போகும்.

இரும்பு தரும் தொல்லை வேறு விதம். 10 மீட்டர் அகல எஃகுக் குழாய், 20 டிகிரியிலிருந்து 350 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் விரியும். சுவர்கள் ஒரே சீராக விரிவதில்லை. விறைப்புச் சட்டங்கள் இருக்கும் இடத்தில் ஒரு மாதிரி, இல்லாத இடத்தில் ஒரு மாதிரி. ஃப்ளாஞ்ச் அரை டிகிரி சாய்ந்தால் 10 மீட்டருக்கு அப்பால் ஒளிப்புள்ளி 87 மில்லிமீட்டர் தள்ளி விழும். குளிர்ந்த நிலையில் கச்சிதமாகச் செய்த அலைன்மென்ட், அலகு முழுச்சுமைக்கு வரும்போது கைவிட்டுப்போவது இதனால்தான். குளிர்ந்தபோது தோராயமாக வைத்து, முழுச்சுமையில் சூடான பிறகு இறுதியாகச் சரிசெய்யுங்கள். பிறகு பாதிச் சுமையிலும் ஒளி போதுமா என்று பாருங்கள். டிடெக்டருக்கு முன்னால் உள்ள லென்ஸ் சற்றுப் பெரிதாகவும், லேசர்க் கற்றை கொஞ்சம் விரிந்தும் இருந்தால் இந்த அசைவைப் பொறுத்துக்கொள்ளும். கற்றையை ஊசிமுனைபோல் குவித்துவைப்பது திரையில் அழகான ஒளி அளவைக் காட்டும், அடுத்த சுமை மாற்றத்தில் காலை வாரிவிடும்.

ஒளி வந்தது, கோடு கிடைத்தது, குறிகை சுத்தம். இன்னும் அது பிபிஎம் ஆகிவிடவில்லை. லேசர் பார்ப்பது பாதையிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை. அதே பிபிஎம்முக்கு, வெப்பம் ஏறினால் ஒரு கன சென்டிமீட்டரில் மூலக்கூறுகள் குறையும். 350 டிகிரியில் 20 டிகிரி பிழை இருந்தால் இந்த வகையில் மட்டும் 3 சதவீதத்துக்கு மேல் தவறும். அதோடு, சூட்டில் மூலக்கூறுகள் பல ஆற்றல் நிலைகளுக்குப் பரவிவிடுவதால், நாம் பார்க்கும் கோட்டின் வலிமையே மாறும். அந்தத் திருத்தத்துக்கான தரவு ஹைட்ரான் என்ற நிறமாலைத் தொகுப்பில் இருக்கிறது. எனவே புகையின் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளின் அளவும் அழுத்த அளவும் நேரடியாகக் கருவிக்குள் வரவேண்டும். "எப்போதும் 350தானே" என்று நிலையான எண்ணைத் தட்டிவிட்டால், குறைந்த சுமையில் 310 டிகிரிக்கு இறங்கும்போது, அதாவது உப்புப் படியும் அபாயம் கூடும் அந்த நேரத்தில், பிழையும் கூடியிருக்கும். தெர்மோகப்பிளைச் சுவரிலிருந்து 20 சென்டிமீட்டரில் நிறுத்தாமல் நன்றாக உள்ளே நீட்டுங்கள். சுவரோரப் புகை எப்போதும் சற்றுக் குளிர்ந்தது.

நீராவி இன்னொரு வேஷம் போடும். அறை வெப்பத்தில் கண்ணுக்கே தெரியாத நீராவிக் கோடுகள், 350 டிகிரியில் அம்மோனியாக் கோட்டுக்குப் பக்கத்தில் எழும்பி நிற்கும். புகையில் நீராவி 10 சதவீதம், அம்மோனியா 2 பிபிஎம். ஐம்பதாயிரம் மடங்கு. ஆய்வகத்தில் குளிர்ந்த வாயுவில் அளவீடு செய்துவந்த கருவி, குழாயில் அரை பிபிஎம் முதல் ஒரு பிபிஎம் வரை சும்மாவே காட்டினால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

திரையில் தெரிவது ஈரப் புகையின் பிபிஎம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒப்பந்தங்களும் வரம்புகளும் உலர்ந்த புகையில், குறிப்பிட்ட ஆக்சிஜன் அளவில் பேசும். ஈரத்தில் 2.0, நீராவி 10 சதவீதம் என்றால் உலர்ந்ததில் 2.22. உலர் புகையில் ஆக்சிஜன் 3.5 சதவீதமாக இருந்து, 6 சதவீதத்துக்கு மாற்றினால் 1.90. வினையூக்கி விற்றவரும் வாங்கியவரும் ஸ்லிப் பற்றிச் சண்டையிடும்போது, இருவரும் ஒரே அடிப்படையில் பேசுகிறார்களா என்று பார்த்தாலே பாதி சண்டை தீர்ந்துவிடும்.

சரிபார்ப்பு எப்படி? குழாய்க்குக் குறுக்கே நிற்கும் கருவிக்குள் வாயுவைச் செலுத்திப் பார்க்க முடியாது. கருவியின் இரு முனைகளையும் கழற்றி, நடுவே ஒரு செல் வைத்து, அதில் சிலிண்டர் அம்மோனியாவை ஓடவிடுவார்கள். 5 மீட்டரில் 10 பிபிஎம் என்பது 50 பிபிஎம்-மீட்டர். செல் நீளம் 0.7 மீட்டர் என்றால் சிலிண்டரில் 71 பிபிஎம் வேண்டும். செல் அறை வெப்பத்தில் இருப்பதால் வெப்பத் திருத்தத்தையும் அதற்கேற்ப மாற்றிவைக்க வேண்டும், முடிந்ததும் பழையபடி திருப்பவும் வேண்டும். இணைப்புக் குழாய் டெஃப்லானாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். செம்பு, பித்தளை எதுவும் அம்மோனியாவின் பாதையில் வரக் கூடாது. எண் நிலைகொள்ள அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், ஏனென்றால் செல்லின் சுவர் முதலில் அம்மோனியாவைக் குடித்துத் தீர்க்கும். ஐந்தாவது நிமிடத்தில் 52 காட்டுகிறது என்று கருவியைத் திருகி 71க்குக் கொண்டுவந்தால், அன்று முதல் எல்லா அளவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வரும்.

பூஜ்யத்துக்கு ஒரு இயற்கையான வாய்ப்பு உண்டு, அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. அலகு ஓடும்போது அம்மோனியா தெளிப்பு நின்றுபோகும் சமயங்கள் வரும். அந்த நேரத்து அளவைப் பதிந்துவையுங்கள். உடனே பூஜ்யத்துக்கு வராது. வினையூக்கி தன் பரப்பில் சேர்த்துவைத்த அம்மோனியாவை மெல்ல மெல்ல விடும். அது வடிந்தபின்னும் எண் 0.8இல் நின்றால், அந்த 0.8 கண்ணாடியோ நீராவியோ தருவது.

மற்ற வாயுக்களுக்கும் இதே சட்டகம்தான், எதிரி மட்டும் மாறுவான். குப்பை எரியூட்டியில் ஹைட்ரஜன் குளோரைடை 1.74 மைக்ரோமீட்டரில் பார்க்கிறார்கள். அலுமினிய உருக்காலையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடுக்கு 1.3 மைக்ரோமீட்டர் பக்கம். அங்கே குவார்ட்ஸ் ஜன்னல் வைக்கவே கூடாது, ஃப்ளோரைடு அதை அரித்துப் பாலேடுபோல் மங்கலாக்கிவிடும். நீலமணிக்கல் ஜன்னல் வேண்டும். குளோரினுக்கு அகச்சிவப்பில் கோடே இல்லை, புறஊதாவில் 330 நானோமீட்டர் அருகே உள்ள அகன்ற உறிஞ்சலைத்தான் நம்பவேண்டும். வினையூக்கி இல்லாமல் 850 முதல் 1100 டிகிரியில் யூரியா தெளிக்கும் எஸ்என்சிஆர் முறையில், தெளிப்புப் பகுதிக்கு அருகிலேயே அளக்க முயன்றால் புகையும் சுவரும் தாமே ஒளிரும். 930 டிகிரியில் அந்த ஒளிர்வின் உச்சம் 2.4 மைக்ரோமீட்டர், 1.5இலும் தாராளமாக இருக்கும். லேசரின் அலைநீளத்தை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் விடும் ஒளி வடிகட்டியும் சிறு துளையும் டிடெக்டருக்கு முன்னால் இல்லாவிட்டால், லேசர் வந்ததா இல்லையா என்பதே அதற்குத் தெரியாது.

எஸ்சிஆருக்குத் திரும்பினால், லேசருக்குச் சாட்சியாகச் சாம்பலையே வைத்துக்கொள்ளலாம். தப்பிய அம்மோனியாவின் பெரும்பங்கு சாம்பலில் ஒட்டி, பிரிப்பான் தொட்டிகளில் வந்து விழும். 2 பிபிஎம் என்பது கன மீட்டருக்கு 1.5 மில்லிகிராம். அது முழுவதும் 20 கிராம் சாம்பலில் ஒட்டினால் கிலோவுக்கு 76 மில்லிகிராம். 60 கிராம் சாம்பலில் பரவினால் 25 மில்லிகிராம். அதே ஸ்லிப், மூன்றில் ஒரு பங்கு அடையாளம். வெளிநாட்டுக் கையேட்டின் வரம்பை இங்கே அப்படியே போட்டால், ஸ்லிப் எகிறினாலும் சாம்பல் நல்ல பிள்ளையாகத் தெரியும். நிலக்கரியின் சாம்பல் அளவை வைத்து வரம்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். முதல் வரிசைத் தொட்டியிலிருந்து ஷிஃப்டுக்கு ஒரு மாதிரி எடுத்து, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, ஆய்வகத்தில் காரம் சேர்த்து அம்மோனியாவை வெளியேற்றி அளந்துவிடலாம். சிமென்ட் ஆலைக்குப் போகும் சாம்பல் என்றால் இந்தச் சோதனை எப்படியும் தேவைப்படும், சிமென்ட்டின் காரத்தில் அந்த அம்மோனியா நாற்றமாகக் கிளம்பும் என்பதால்.

இந்தச் சாம்பல் எண்ணையும், ப்ரீஹீட்டரின் இருபக்க அழுத்த வித்தியாசத்தையும், லேசர் ஸ்லிப்பையும் ஒரே வரைபடத்தில் வாரக்கணக்கில் போட்டுவையுங்கள். லேசர் 1 என்று சொல்ல, சாம்பல் ஏறி, அழுத்தமும் ஏறினால் லேசரின் பாதை தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது லேசர் கோட்டை விட்டுவிட்டது. லேசர் மட்டும் ஏறி மற்ற இரண்டும் அசையாமல் இருந்தால் முதலில் ஒளி அளவையும் பர்ஜ் ரோட்டாமீட்டரையும் பாருங்கள். மூன்றும் சேர்ந்து ஏறினால் கருவியை விட்டுவிட்டு, அம்மோனியா தெளிக்கும் குழாய்க் கட்டத்தின் வால்வுகளைத் திறந்து பார்க்கலாம். அநேகமாகச் சாம்பல் அடைத்த ஒன்றிரண்டு முனைகள் அங்கே கிடைக்கும்.